மூணில் ஆரம்பிக்கிற நம்பர்

“பனியன் முதுகுல பத்து எண்ணு அச்சடிச்சிருக்குது. இது போன் நம்பர் இல்லீன்னா வேற என்னுங்க, ரேசன் கார்டா?”

மாரப்பன் கத்தியது மூன்று வீடு தாண்டிக் கேட்டது. எனக்கு இடையில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான் என்பதால் இன்னும் தெளிவாகக் கேட்டது. இதற்குப் பெயர் ஒட்டுக் கேட்பது அல்ல. அவர்கள்தான் என் காதுக்குள் வந்து சண்டை போட்டார்கள்.

“சம்பந்தி, சித்தெ மெதுவாப் பேசுங்க.” இது திருமூர்த்தி. பெண்ணைப் பெற்றவர், பனியன் கம்பெனி முதலாளி. எங்கள் திருப்பூரில் டி-சர்ட்டுக்கும் பனியன் என்றுதான் பெயர்.

“என்னத்த மெதுவா? நிச்சயத்துக்குத் தேதி குறிக்க வந்த ஊட்டுல, மொட்டை மாடிக் கொடியில பொண்ணோட பனியன் காயுது. அதுல எவனோ ஒருத்தன் நம்பர் தொங்குது. நான் மெதுவாப் பேசோணுமா?”

டவர் கிடைக்கவில்லை என்றுதான் மாரப்பன் மொட்டை மாடிக்குப் போனாராம். எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டு மொட்டை மாடியில் யாருக்குமே டவர் கிடைக்காது. தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மாரப்பன் மாப்பிள்ளை தரணீதரனுக்குத் தாய்மாமன். தரணிக்கு அப்பா இல்லை. சேவூரில் தோட்டம், திருப்பூரில் நிட்டிங் மிஷின்கள், கல்யாணப் பேச்சு எல்லாமே மாமன் கையில். மாரப்பனிடம் இருக்கும் கார், வேன், பைக், டிராக்டர் எல்லாவற்றின் எண்களையும் கூட்டினால் ஒன்பது வரும். வராத வண்டியில் அவர் ஏறமாட்டார்.

“நானே போன் போட்டுப் பார்த்துட்டனுங்க. ‘தாங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’ங்குது. கல்யாணம் பேசுனதும் நம்பரை மாத்திட்டான்! எத்தனை விவரமான பையன் பாருங்க.”

“மாமா, அது போன் நம்பரே இல்லீங்க.” கல்யாணப் பெண் மோனிஷாவின் குரல் ஃப்ரிட்ஜ் பக்கமிருந்து வந்தது.

“அப்ப என்ன நம்பரு கண்ணு? சொல்லு, கேட்டுக்கறேன்.”

மோனிஷா சொல்லவில்லை. ஃப்ரிட்ஜ் மட்டும் உறுமியது.

“அண்ணா, இதுல முதல் மூணு எண்ணு 381. அது செர்பியான்னு ஒரு நாட்டோட கோடாமா,” என்றார் தரணியின் அம்மா வேலாத்தாள், போனைப் பார்த்தபடி. “நெட்டுல போட்டிருக்குது.”

அவ்வளவுதான். அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் வீதியில் மோனிஷாவுக்கு ஒரு செர்பியாக்காரன் முடிவாகிவிட்டான். ஏற்றுமதிக் கம்பெனி, சரக்கு வாங்க வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள் போவார்கள், இதெல்லாம் நடக்கக்கூடியதுதான் என்று நானும் இரண்டு பேரிடம் சொன்னேன்.

கிளம்பும்போது மாரப்பன் வாசலில் நின்று கெடு வைத்தார்.

“இதா பாருங்க சம்பந்தி. லவ்வு கிவ்வு ஆகாத குடும்பமின்னுதான் இந்த ஊட்டுக்கே வந்தோம். உங்க தங்கச்சி ஒருத்தி அப்பிடிப் போனதுக்கு, நீங்க அறுத்து உட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டு, அதுக்காகவே வந்தோம். ஞாயித்துக்கிழமை காலைல வர்றேன். நம்பரு ஆருதுன்னு தெரியோணும். தெரியலீன்னா எங்க பையனுக்கு வேற பொண்ணு பார்த்துக்கறோம்.”

கார் போனதும் திருமூர்த்தி மகளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். “இது முறிஞ்சுதுன்னா, உனக்கும் கோமளா போன வழிதான்.”

கோமளா அவருடைய தங்கை. ஊத்துக்குளியில் வெண்ணெய் வியாபாரம் செய்கிறவரைத் தானே பிடித்துக் கட்டிக்கொண்டவள். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஊத்துக்குளி வெண்ணெய்கூட வாங்குவதில்லை. உருக்கிய நெய் பாக்கெட்டில் வருகிறது.

•

மகுடேஸ்வரனின் துப்பறியும் அலுவலகம் பல்லடம் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் இருக்கிறது. முன்பு துணி செக்கிங்கில் இருந்தவர். ஓடுகிற துணியில் ஊசி நுழையும் ஓட்டையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த மனிதர், பிற்பாடு மாப்பிள்ளைகளில் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். எங்கள் ஊரில் கல்யாணம் பேசுகிறவர்கள் ஜோசியருக்கு அடுத்தபடியாக இவரைத்தான் பார்ப்பார்கள். சில பேர் ஜோசியருக்கு முன்பாகவே.

உதவியாளர் தமிழ்மதி. அவளுடைய வாய்க்குத் தனி நாற்காலி போடவேண்டும். அங்கே நடந்ததெல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தது அந்த வாய் வழியாகத்தான்.

திருமூர்த்தி பனியனை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டார். நல்ல கடுகு மஞ்சள். முதுகில் கருப்பில் 3816547290.

மகுடேஸ்வரன் எண்ணைப் பார்க்கவில்லை. துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். உள்பக்கம் திருப்பி லேபிளைப் பார்த்தார். ஸ்மால் சைஸ்.

“பாப்பாகிட்டக் கேட்டீங்களா?”

“வாயத் தொறக்கலீங்க. போன் நம்பர் இல்லீங்கறது ஒண்ணுதான் பேச்சு.”

“பாப்பா சொல்றது நெசந்தானுங்க. மூணுல ஆரம்பிக்கிற மொபைல் நம்பர் நம்ம நாட்டுல கிடையாது.”

“செர்பியாவுங்களா?”

“செர்பியாவுக்கு நம்பர் பத்தாதுங்க. கோடு போக மிச்சம் இருக்கறது கொஞ்சம்.”

“பாவம், மாப்பிள்ளை கிடைச்சும் டயல் ஆகலை,” என்றாள் தமிழ்மதி.

மகுடேஸ்வரன் பனியனை வெளிச்சத்தில் பிடித்தார். “இன்னொண்ணு பாருங்க. சைபர்ல இருந்து ஒம்பது வரைக்கும் பத்து எண்ணும் இருக்குது. ஒவ்வொண்ணும் ஒரே தடவை. எதுவும் ரெண்டு தடவை வரலை, எதுவும் உட்டுப்போகலை.”

“மாரப்பன் கூட்டிப் பார்த்தாருங்க. நாப்பத்தஞ்சு, ஒம்பதுன்னு வருது. ‘எண்ணு நல்ல எண்ணு, ஆளுதான் செரியில்லை’ன்னாரு.”

“பத்து எண்ணும் ஒரு தடவை இருந்தா, எப்பிடிக் கலைச்சுப் போட்டாலும் நாப்பத்தஞ்சுதானுங்க,” என்றாள் தமிழ்மதி. “சீட்டுக் கட்டைக் குலுக்குனா சீட்டு கூடுமா?”

திருமூர்த்தி போனபிறகு மகுடேஸ்வரன் பனியனை மடித்தார்.

“ஒண்ணு அவர்கிட்டச் சொல்லலை தமிழு. இது நல்லா துவைச்சு நாள்பட்ட துணி. இந்த சம்பந்தம் பேச ஆரம்பிச்சது தைப்பூசத்துக்கு அப்புறம். பனியன் அதுக்கு ரொம்ப முந்தினது.”

“அப்ப ஒருத்தன் இருக்கறான்.”

“இருக்கறான். ஆனா போன் இல்லாத ஒருத்தன்.”

“சார், போன் இல்லாதவனை எந்தப் பொண்ணும் லவ் பண்ண மாட்டா. வேற கோணத்துல யோசிங்க.”

•

பனியனில் அச்சடித்தவன் யார் என்று கண்டுபிடிக்க மகுடேஸ்வரனுக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அச்சு முழுவதும் இடதுபக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. சாய்ந்த மேஜை வைத்துப் பிரிண்டிங் செய்கிறவன் ஊரில் ஒருத்தன்தான். செக்கிங்கில் இருந்த காலத்தில் அவனுடைய சரக்கை மகுடேஸ்வரன் வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

“தீனா, அந்த டேபிள் காலுக்கு ஒரு கட்டை வைக்கச் சொன்னனே, வெச்சியா?”

தீனதயாளன் கையிலிருந்த அச்சு ஸ்கிரீனை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாங்கினான். ஒல்லியான பையன். காற்றடித்தால் அவன் சட்டை முதலில் திரும்பும், அப்புறம் அவன் திரும்புவான்.

“சார், செக்கிங்குக்கே திரும்ப வந்துட்டீங்களா?”

“இல்லை. இது நீ அடிச்சதா?”

தீனா பனியனைப் பார்த்தான். “என்ற பிரிண்டுதானுங்க. ரெண்டே ரெண்டு பீஸு. அதுக்கே ஒரு மத்தியானம் போச்சு.”

“யாரு குடுத்தது?”

“தெரியாதுங்க. ஹெல்மெட் போட்டிருந்தாரு.”

“வண்டியில இருந்துக்கிட்டேவா?”

“இல்லீங்க, உள்ள வந்து, இந்த ஸ்டூல்ல உக்காந்து, டீ குடிச்சாரு. கண்ணாடிய மட்டும் மேல தூக்கிட்டுக் குடிச்சாரு.”

எங்கள் ஊரில் வண்டி ஓட்டும்போது ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொள்வார்கள். ஸ்டூலில் உட்காரும்போது போட்டுக்கொண்ட ஒரே ஆள் இவர்தான்.

“ஸ்டூல் அத்தனை வேகமாவா போகும்?” என்றாள் தமிழ்மதி.

தீனா அவளைப் பார்த்துச் சிரித்தான். சிரித்ததைப் பார்த்து மகுடேஸ்வரன் இருமினார்.

“ரெண்டு பீஸுன்னியே. என்ன சைஸு?”

“ஒண்ணு ஸ்மாலு. இன்னொண்ணு எக்ஸ்எல்லுங்க. அவருக்குத்தான். தோள்பட்டைய வெச்சு நானே சொன்னேன், லார்ஜ் பத்தாதுன்னு.”

“ரெண்டு பீஸு அடிக்க ஒரு மத்தியானம் எதுக்கு?”

“முதல் தடவை தப்பாயிருச்சுங்க. ஏழும் ஒம்பதும் இடம் மாறிப்போச்சு. 3816549270ன்னு அடிச்சுட்டேன். அதைக் கண்டுபிடிச்சாரு பாருங்க, அதுதான் அதிசயம்.”

“குடுத்த நம்பரோட ஒப்பிட்டுப் பார்த்திருப்பாரு.”

“அதுதான் இல்லீங்க! ஒண்ணையும் எடுத்துப் பார்க்கலை. பனியனைப் பார்த்துக்கிட்டே போன் கால்குலேட்டர்ல முதல் ஏழு எண்ணைத் தட்டுனாரு. ஏழால வகுத்தாரு. புள்ளி வெச்சு நீளமா வந்துச்சு. ‘தம்பி, ஏழாவது பொருந்தலை’ன்னாரு.”

மகுடேஸ்வரன் பனியனை மறுபடி விரித்தார்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“ஏழாவது பொருந்தலை. அதேதான் சொன்னாருங்க.”

•

பேக்கரியில் இரண்டு டீ வந்தது. கல்லாவில் இருந்த கால்குலேட்டரையும் மகுடேஸ்வரன் கேட்டு வாங்கிக்கொண்டார்.

“போன் நம்பர் தப்பான்னு தெரிஞ்சுக்க என்ன பண்ணுவோம் தமிழு?”

“போன் போட்டுப் பார்ப்போம். இல்லீன்னா எழுதி வெச்சதோட ஒப்பிடுவோம்.”

“வகுத்துப் பார்ப்போமா?”

“எங்க சித்தப்பாவாட்டக் குடிச்சிருந்தா பார்ப்போம்.”

“இவன் வகுத்துப் பார்த்தான். வகுத்தாலே தப்புத் தெரியுதுன்னா, அந்த எண்ணுக்குள்ளயே ஒரு விதி இருக்குது.”

முதல் இலக்கம் 3. ஒன்றால் வகுபடும், எதுவும் வகுபடும். முதல் இரண்டு, 38. இரண்டால் வகுத்தார். பத்தொன்பது. முதல் மூன்று, 381. மூன்றால் வகுத்தார். நூற்று இருபத்தேழு. 3816ஐ நான்கால் வகுத்தார். மிச்சமில்லை. 38165ஐ ஐந்தால். மிச்சமில்லை.

தமிழ்மதி டீ கிளாசைக் கீழே வைத்தாள்.

381654ஐ ஆறால். 3816547ஐ ஏழால். 38165472ஐ எட்டால். 381654729ஐ ஒன்பதால். முழு எண்ணைப் பத்தால். எங்கேயும் புள்ளி வரவில்லை.

“பத்துப் படி. ஒவ்வொரு படியிலயும் அந்தப் படி எண்ணால வகுபடுது,” என்றார் மகுடேஸ்வரன். “நாலால வகுக்கறப்ப நாலு எண்ணு, ஏழால வகுக்கறப்ப ஏழு எண்ணு.”

“ரெண்டை மாத்திப் போட்டா?”

போட்டுப் பார்த்தார்கள். எந்த இரண்டை மாற்றினாலும் எங்கேயாவது ஒரு படி உடைந்தது. தமிழ்மதி போனில் தேடிப் பார்த்துவிட்டு, முதல் முறையாகக் கிண்டல் இல்லாமல் பேசினாள்.

“சார், பத்து எண்ணையும் ஒவ்வொரு தடவை வெச்சு அடுக்க முப்பத்தாறு லட்சத்துக்கு மேல வழி இருக்குதாம். அத்தனைலயும் இந்தப் பத்தும் பொருந்தறது இது ஒண்ணுதானாம்.”

“பத்தும் பொருந்தறது.”

“பத்துப் பொருத்தம்!” என்று தமிழ்மதி கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர் பப்ஸைத் தவறவிட்டார். “தினம், கணம், யோனி, ராசி, ரஜ்ஜுன்னு ஜோசியர் பார்ப்பாரே, அந்தப் பத்து! முப்பத்தாறு லட்சத்துல ஒண்ணுன்னு ஒருத்தன் ஒருத்திக்குப் பனியன் அடிச்சுக் குடுத்திருக்கறான். எங்கம்மா நாப்பது ஜாதகம் பார்த்துட்டே களைச்சுப் போயிட்டாங்க.”

மகுடேஸ்வரனின் முகத்தில் சந்தோஷம் இல்லை.

“இதைப் போய்ச் சொன்னா என்ன ஆகும்? போன் நம்பரா இருந்திருந்தாலாவது ராங் நம்பருன்னு சொல்லித் தப்பிக்கலாம். இது அதைவிட மோசம். எண்ணைப் புரிஞ்சுக்கிட்டா, குடுத்தவன் யாருன்னு அடுத்த கேள்வி. அதனாலதான் அந்தப் பொண்ணு வாயத் தொறக்கலை.”

“எக்ஸ்எல் யாருங்க சார்? தீனா இல்லை, அவனை ரெண்டா மடிச்சாத்தான் ஸ்மால் ஆகும்.”

“அவனைப் பத்தி நிறைய அளவு எடுத்திருக்கற.”

“செக்கிங்காரர்கிட்ட வேலை பார்க்கறனுங்களே.”

•

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. தீர்த்துவிட்டேன் என்றும் சொல்லலாம். கிண்ணத்தோடு திருமூர்த்தி வீட்டுக்குள் நுழைந்தபோது எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். பரபரப்பில் என்னை யாரும் போகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பனியன் டீபாய் மேல் கிடந்தது. மோனிஷா அம்மாவுக்குப் பின்னால் நின்றாள், கண் வீங்கியிருந்தது. மாப்பிள்ளை தரணீதரன் மொடமொடவென்று ஒரு வெள்ளைச் சட்டையில், மேல் பட்டன் வரை போட்டுக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தும் வேர்த்துக்கொண்டிருந்தார்.

“நம்பரு ஆருது?” என்றார் மாரப்பன்.

“சொல்றனுங்க,” என்றார் மகுடேஸ்வரன். “அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். இந்த நம்பருக்கு யாரெல்லாம் போன் போட்டுப் பார்த்தீங்க? கைய மட்டும் தூக்குங்க.”

மாரப்பன் முதலில் தூக்கினார். திருமூர்த்தி தூக்கினார். மோனிஷாவின் அம்மா பாதி தூக்கினார்.

“நானும் ரெண்டு தடவை போட்டனுங்க,” என்றார் வேலாத்தாள். “உபயோகத்தில் இல்லைன்னு சொல்ற புள்ளைக்கு என்ன மரியாதையான குரலு!”

சமையல்கார அம்மா கதவோரத்திலிருந்து தூக்கினார். டிரைவர் ஜன்னல் வழியாகத் தூக்கினார். கிண்ணத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டு நானும் தூக்கினேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

துப்பறிய வந்தவர்களை விட்டால் அந்த அறையில் இரண்டு பேர் தூக்கவில்லை. ஒருத்தி மோனிஷா. இன்னொருவர் யாருடைய கல்யாணம் இந்த நம்பரால் நிற்கப்போகிறதோ அவர்.

மகுடேஸ்வரன் தரணியின் தோள்பட்டையை ஒரு பார்வை பார்த்தார். துணி ரோலை அளக்கிற அதே பார்வை. தமிழ்மதியும் பார்த்தாள். அவள் உதடு ‘எக்ஸ்எல்’ என்று அசைந்ததை நான் பார்த்தேன்.

“பார்த்தீங்களா எங்க பையனை!” மாரப்பன் நெஞ்சை நிமிர்த்தினார். “ஒரு போன்கூடப் போடலை. அத்தனை பெருந்தன்மை.”

போன் நம்பர் இல்லை என்று தெரிந்தவன் எதற்குப் போன் போடப்போகிறான்?

மகுடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். இனி எதைச் சொன்னாலும் ஆபத்து. மாப்பிள்ளைதான் அந்த ஆள் என்று சொன்னால், இது லவ்வு என்று மாமன் எழுந்து போவார், பெண்ணின் அப்பா அவளைக் கோமளா போன வழிக்கு அனுப்பிவிடுவார். சொல்லாவிட்டால் எவனோ ஒருத்தன் என்று முறியும்.

“நீங்க கேட்டது நம்பர் யாருதுன்னு. அது யாருதும் இல்லீங்க. போன் நம்பரே இல்லை. உங்க கால்குலேட்டரை எடுங்க. நான் சொன்னா நம்பமாட்டீங்க, நீங்களே போடுங்க.”

மாரப்பன் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கால்குலேட்டர் இருக்கும். எடுத்தார். முதல் இரண்டு எண்ணை இரண்டால் வகுத்தார். மூன்றை மூன்றால் வகுத்தார். ஐந்து வரைக்கும் ஏளனமாகத்தான் தட்டினார். ஏழில் விரல் நின்றது.

“மிச்சம் வரலியே.”

“மேல போங்க.”

எட்டு. ஒன்பது. பத்து. மாரப்பன் கால்குலேட்டரை அணைத்து, மறுபடி போட்டு, முதலிலிருந்து வகுத்தார்.

“பத்தும் பொருந்துது,” என்றார். குரல் கோயிலுக்குள் நிற்கிறவர் குரலாக மாறியிருந்தது. “பத்துக்குப் பத்து.”

“முப்பத்தாறு லட்சம் எண்ணுல இது ஒண்ணுக்குத்தானுங்க அப்பிடி,” என்றாள் தமிழ்மதி.

“செரி. இதைப் பாப்பாவுக்கு ஆரு குடுத்தது?”

ஃப்ரிட்ஜ்கூட உறுமுவதை நிறுத்தியது. மோனிஷா தலையை நிமிர்த்தினாள். தரணி சோபாவிலிருந்து எழுந்தார்.

“மாமா, அதை நான்…”

“நீ உக்காரு! எனக்கு விளங்கிப்போச்சு.” மாரப்பன் கையை உயர்த்தினார். “நம்ம ஜாதகத்துல ஏழு பொருத்தந்தான் வந்துச்சு. மிச்சம் மூணுக்குப் பொண்ணு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு, பத்தும் பொருந்தற எண்ணைத் தேடிப் புடிச்சு, முதுகுல சுமந்திருக்குது! வேண்டுதலை வெளிய சொன்னாப் பலிக்காதுன்னு வாயத் தொறக்கலை. இது தெரியாம நான் செர்பியாவுக்கெல்லாம் போயிட்டனே சாமி!”

இத்தனை நல்ல பதிலைத் திருத்த அங்கே ஒருவருக்கும் மனசு வரவில்லை.

“தரணி, என்ன நிக்கற? மாமனார் கால்ல விழுந்து எந்திரி. இன்னைக்கே தேதி குறிச்சரலாம்.”

தரணி அசையவில்லை. சட்டையின் பின்பக்கத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். “உழுடா,” என்றார் வேலாத்தாள். வேறு வழியில்லாமல் விழுந்தார்.

மொடமொடப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. வேர்வையில் நனைந்த வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியது. அடியில் கடுகு மஞ்சள் தெரிந்தது. மஞ்சளின் மேல் கருப்பில், இடதுபக்கம் லேசாகச் சாய்ந்து, பத்து எண்கள் தெரிந்தன.

மாரப்பன் சோபாவில் குனிந்து தன் கார் நம்பரை வகுத்துக்கொண்டிருந்தார். தமிழ்மதி வாயைத் திறந்தாள். மகுடேஸ்வரன் அவள் காலை மிதித்தார். எனக்குக் கிண்ணம் நழுவப் பார்த்தது.

திருமூர்த்தி தன் காலடியில் கிடந்த முதுகை முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரைக்கும் நிதானமாகப் படித்தார். தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். மோனிஷா கண்ணை மூடிக்கொண்டாள். கோமளா போன அன்றைக்கு இவர் இதே இடத்தில் நின்று கத்தியதும் என் காதில் விழுந்ததுதான். அதே சத்தத்துக்கு நான் தயாரானேன்.

திருமூர்த்தி தோளில் கிடந்த துண்டை எடுத்தார். விரித்து மாப்பிள்ளையின் முதுகில் போட்டு, ஓரத்தை இழுத்துச் சரியாக மூடினார்.

“நல்லா இருங்க மாப்பிள்ளை,” என்றார். “ரொம்ப வேர்த்திருக்குது. துண்டை எடுக்காதீங்க.”

•

கேட்டருகே மகுடேஸ்வரனை நிறுத்தித் திருமூர்த்தி கேட்டார். நான் சர்க்கரையோடு பின்னால் வந்துகொண்டிருந்தேன், மெதுவாக.

“உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?”

“எதுங்க?”

“அதுதானுங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நம்பர் யாருதுன்னு கேட்டீங்க. யாருதும் இல்லைன்னு சொன்னேன். என்ற வேலை முடிஞ்சுது.”

திருமூர்த்தி கேட்டின் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

“இன்னொரு நம்பர் கண்டுபிடிக்கோணுமுங்க. இது போன் நம்பர்தான். ஊத்துக்குளியில… என்ற தங்கச்சி. எங்கிட்ட அவ நம்பர் இல்லீங்க.”

மகுடேஸ்வரன் தமிழ்மதியைப் பார்த்தார். தமிழ்மதி என்னைப் பார்த்தாள். விவரமான பெண். கோமளா நம்பர் என்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் இருக்கும்? சொன்னேன். ஒன்பதில் ஆரம்பித்தது. உபயோகத்திலும் இருந்தது.

•

ஆவணியில் கல்யாணம். காலேஜ் காலத்திலிருந்தே மோனிஷாவும் தரணியும் பழக்கம் என்பதும், தன் ஜாதகத்தைப் புரோக்கர் பையில் போட்டதே மோனிஷாதான் என்பதும், அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடும் முடிவோடுதான் தரணி அந்தப் பனியனை உள்ளே போட்டுக்கொண்டு வந்தார் என்பதும் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. மாரப்பனுக்கு இன்றைக்கும் தெரியாது. அவர் புதுக் காருக்கு 3816 என்று நம்பர் வாங்கியிருக்கிறார். கூட்டினால் ஒன்பது வருகிறது.

கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அவருடைய ஏற்பாடு. பத்துப் பொருத்த எண்ணைப் பெரிதாக அச்சடிக்கச் சொல்லித் தீனாவிடம் கொடுத்தார். மண்டபத்தில் பை கைக்கு வந்ததும் நான் படித்துப் பார்த்தேன். ஏழும் ஒன்பதும் இடம் மாறியிருந்தன. மாப்பிள்ளையும் படித்தார். மோனிஷாவிடம் காட்டினார். இரண்டு பேரும் மணவறையில் உட்கார்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில் ஐயர் மந்திரத்தை நிறுத்திப் பார்த்தார். ஏழாவது பொருந்தாத பையைத்தான் ஊரே வாங்கிக்கொண்டு போயிற்று.

மோனிஷாவும் தரணியும் இப்போது சாமளாபுரத்தில் தனிக்குடித்தனம். கோமளா புருஷனோடு எங்கள் அடுத்த வீதிக்கே குடிவந்துவிட்டாள். திருமூர்த்தி வீட்டில் வெண்ணெய் உருக்கும் வாசம் என் சமையலறை வரைக்கும் வருகிறது. தீனதயாளன் மேஜைக் காலுக்குக் கட்டை வைத்துவிட்டான். வைக்கச் சொன்னது தமிழ்மதி. போன மாதம் அவள் அம்மா இரண்டு பேர் ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார். பத்தில் ஆறுதான் பொருந்துகிறது என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

தமிழ்மதி, “போதுமுங்க,” என்றாளாம்.